பாலைவனத்துல ஓடுற பழைய டிரக்

மெக்சிகோவில் பாஹா கலிபோர்னியான்னு ஒரு நீளமான தீபகற்பம் இருக்கு. கல்லும் மணலும் கள்ளியும்தான் அங்கே அதிகம். 1967-ல் அங்கே ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு பாஹா 1000-ன்னு பேர் வாங்கின பந்தயம். முன்வரிசையில் ஓடுற டிரக்குக்குப் பல லட்சம் டாலர் வேணும். ஆனா கையில் காசு கம்மியா இருக்கிறவங்களும் பழைய வண்டியைப் பிரிச்சுக் கட்டி ஓட்டுறாங்க.

அவங்கள்ல பலர் தேடுறது 1983-லிருந்து 1997 வரை வந்த ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப். முன்சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு இரும்புத் தண்டு. ஒரு சக்கரம் கல்லில் ஏறினா மற்றது தன் பாட்டுக்கு ஓடும். அந்தத் தண்டை வெட்டி, நீட்டி, வெல்டு வெச்சா சக்கரம் இன்னும் மேலயும் கீழயும் போய் வரும். பின்னாடி நம்ம டிரெய்லர்ல இருக்கிற மாதிரி பட்டை ஸ்பிரிங்தான், கொஞ்சம் நீளமா வெச்சுக்குறாங்க. பாதி சாமான் காயலான் கடையிலயே கிடைச்சிடும்.

எங்கே வேணா மிச்சம் பிடிக்கலாம், மூணு இடத்துல கூடாது: ஆளைச் சுத்தின குழாய்க் கூண்டு, தோளோட கட்டுற பெல்ட், உருண்டாலும் ஒழுகாத பெட்ரோல் டேங்க். இது இல்லாம பந்தயத்துல இறக்கவே விட மாட்டாங்க.

நம்ம பக்கத்து டிராக்டர் பலதுல தலைக்கு மேல ஒரு கம்பி வளைவுகூட கிடையாதுங்க. வாய்க்கால் கரையில் சாய்ஞ்சா ஓட்டுறவர் அடியிலதான். பாட்டுப் பெட்டி வைக்கிற காசுல கொஞ்சம் அதுக்கும் ஒதுக்கலாம்.