காக்கா ஆழி மூடிய ஆறு

எண்ணூரை விட்டுப்போய் வெகுகாலம் கழித்துத் திரும்பியபோது, கொசஸ்தலையாறு நிறைந்து கிடப்பது போலத்தான் தெரிந்தது. படகிலிருந்து இறங்கினால் முழங்கால் ஆழம். காட்டுக்குப்பத்து அண்ணன், பெரியப்பா மகன், "பாத்து தம்பி, அடி பூரா காக்கா ஆழி. கால அறுத்துடும்" என்றார். கையை விட்டு இழுத்தேன். கட்டைவிரல் அளவுக் கறுப்புச் சிப்பிகள், நாரால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சேற்றோடு பாயாகப் பெயர்ந்து வந்தன. தென்னமெரிக்கச் சரக்கு, கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பிவந்து கொட்டும் தண்ணீரில் வந்திருக்கும் என்கிறார்கள். இதன் அடியில் மஞ்சள் மட்டி மூச்சுமுட்டிச் சாகிறது. இறால் தங்கவும் சேறு இல்லை.

நாங்கள் தின்ற ஆழி வேறு. பாலத்தூணில் ஒட்டிக் கிடக்கும். அத்தை உளியால் தட்டிப் பெயர்த்து, மிளகு போட்டு வறுப்பார். பக்கத்துப் பழவேற்காட்டில் ஜேம்ஸ் ஹார்னெல் நூறாண்டுக்கு முன்பே அதை வளர்த்துப் பார்த்திருக்கிறார். ஆழிக்குஞ்சு இரண்டு மூன்று வாரம் மிதந்து திரியும். பிறகு கெட்டியான எதையாவது பற்றினால்தான் பிழைக்கும். பழைய சிப்பி ஓடு கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். 1990களில் வடசென்னை அனல் மின் நிலையம் வந்தது. அதன் குழாய்களில் கசிந்த சாம்பல் ஆற்றடியில் படிந்து ஓடுகளை மூடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து சேர்ந்தது.

நான் இருப்பது மேரிலாந்தில். அங்கே செசாபீக் விரிகுடாவில், வாரித் தீர்த்ததாலும் நோயாலும், பழைய இருப்பில் நூற்றில் ஒரு பங்குதான் ஆழிச் சிப்பி மிஞ்சியது. ஹாரிஸ் கிரீக் என்ற கிளையாற்றில் சுமார் 350 ஏக்கரில் திட்டுகளைச் சீரமைத்தார்கள். ஓடும் கல்லும் கொட்டி, பொரிப்பகத்துக் குஞ்சுகளை 200 கோடிக்கு மேல் விட்டார்கள். 2015இல் முக்கிய வேலை முடிந்தது. அங்கே சிப்பி வாரத் தடை. உணவகங்களில் தின்றுபோட்ட ஓட்டைக்கூடச் சேகரித்துத் திரும்ப ஆற்றில் போடுகிறார்கள்.

அண்ணனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "அங்க எவனாவது சாம்பல் கொட்னானா?" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

நமக்கு வித்தை தெரியாமல் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1970களிலேயே தூத்துக்குடியில், சுண்ணாம்பு பூசிய கூரை ஓடுகளில் குஞ்சு பிடித்து ஆழி வளர்த்துக் காட்டியது. எண்ணூரில் ஓடு போட இடம்தான் இல்லை. சாம்பலை அள்ளாமல் காக்கா ஆழியை மட்டும் வாருவது காசுக்குக் கேடு. இரண்டையும் சேர்த்து அள்ளுங்கள். ஆற்றின் அடி தெரிந்த காட்டுக்குப்பத்துக்காரர்களைக் கூட வைத்துக்கொண்டு அள்ளுங்கள்.