ஊரார் வீட்டுத் திறவுகோல்

பிறருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிப்பது இழிசெயல் என்பதை என் தந்தையார் எமக்குச் சிறு வயதிலேயே கற்பித்திருந்தார். கடிதவுறையின் மேல் யார் பெயர் எழுதப்பட்டிருக்கின்றதோ, அவர் வீடு திரும்பும் வரை அது மேசையின் மீது அப்படியே கிடக்கும். அத்தகைய வீட்டிலே வளர்ந்த நான், ஊரார் பலருடைய விவரங்களை ஒரு விரலசைவிலே அந்நியரிடம் ஒப்புவித்தேன் என்றால் நம்புவீர்களா? நடந்தது அதுதான்.

அது 2022 ஆம் ஆண்டு. பொருளாதார நெருக்கடி நாட்டை வாட்டிய காலம். தையல் வேலை செய்து மகளைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பிய அயல்வீட்டு அக்கா ஒருவர், ஒரு மாலைப்பொழுதிலே தமது கைத்தொலைபேசியுடன் வந்தார். பிணையின்றி உடனே கடன் தருவதாக ஒரு செயலியின் விளம்பரத்தைக் கண்டிருந்தார்.

"தம்பி, நீர் படிச்ச மனுசன். உதை ஒருக்காப் பார்த்துச் செய்து தாரும்" என்றார்.

செயலியை நிறுவினேன். தொலைபேசியிலுள்ள பெயர்களையும் இலக்கங்களையும் பார்வையிட அனுமதிக்கின்றீர்களா என்று திரை வினவியது. கடனுக்கும் அந்தப் பெயர்களுக்கும் யாது தொடர்பு என்று நான் சற்றே சிந்தித்திருக்க வேண்டும். மாணவரின் விடைத்தாளிலே ஓர் ஒற்றெழுத்துத் தவறினாலும் சுழித்துக் காட்டும் நான், அவ்வினாவை முற்றாக வாசியாமலே "அனுமதி" என்பதை அழுத்தினேன்.

பின்னர் ஒரு தவணை நான்கு நாள் தாமதமாயிற்று. அவ்வளவே. அவருடைய தொலைபேசியிலே பதிந்திருந்தோர் பலருக்கும், "இவர் கடன் வாங்கி ஏமாற்றியவர்" என்று தூற்றும் குறுஞ்செய்தி பறந்தது. சட்டை தைக்கக் கொடுத்தவர்கள், மகளின் தோழியர், மகளுக்குச் சம்பந்தம் பேசிய வீட்டார் என எல்லோரும் அதனை வாசித்தனர். எனக்கும் வந்தது.

மறுநாள் வேலியோரம் நின்று, "காசைக் கட்டிப்போட்டன் தம்பி. முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?" என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். அனுமதி அளித்த விரல் என்னுடையது என்று அவர் ஒருபோதும் சொல்லிக்காட்டவில்லை. அதுவே என்னைப் பெரிதும் வருத்தியது.

அன்று தொடக்கம் இவ்விடயத்தைக் கற்கலானேன். அமெரிக்காவிலே ரோச் வெளிச்சம் தரும் செயலி ஒன்றின் மீது அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2013 இல் நடவடிக்கை எடுத்தது. கோடிக்கணக்கில் தரவிறக்கப்பட்ட அச்செயலி, பாவிப்போர் நிற்கும் இடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அறிவித்து வந்ததாம். வெளிச்சம் காட்டுவதற்கு நாம் நிற்கும் இடம் எதற்கு? இவ்வளவு எளிய வினாவையே நானும் கேட்கத் தவறினேன்.

காவல்கள் இல்லாமலில்லை. 2015 இல் வந்த அன்ட்ரொயிட் 6 முதல், முக்கியமான அனுமதிகளை, தேவைப்படும் வேளையில், தனித்தனியே கேட்கும் முறை ஏற்பட்டது. 2020 இன் அன்ட்ரொயிட் 11, "இம்முறை மட்டும்" என்று அனுமதிக்க வழிசெய்தது. நெடுங்காலம் பாவியாத செயலியிடமிருந்து, கொடுத்த அனுமதியைத் தானே மீட்கவும் செய்தது. அடுத்த ஆண்டின் அன்ட்ரொயிட் 12, கமராவோ ஒலிவாங்கியோ இயங்கும்போது திரை மூலையிலே பச்சை அடையாளம் காட்டியது. ஐபோனிலும் இத்தகைய அடையாளம் உண்டு. கடன் செயலிகள் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் தொடலாகாது என்று கூகிள் நிறுவனம் 2023 மே முதல் தன் செயலிக் கடையில் விதித்தது. ஆயினும், யாரோ அனுப்பிய இணைப்பின் வழியே நேராக இறக்கும் செயலிக்கு அந்தக் கடையின் காவல் இல்லை. எமது நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

பூட்டுகள் எத்தனை இருந்தென்ன? திறவுகோலை நாமே கொடுத்துவிட்டால் அவை என் செய்யும்? அதிலும், அது நம் வீட்டுத் திறவுகோல் மட்டுமன்று. தொலைபேசி என்னுடையது; அதிலுள்ள பெயர்கள் என்னுடையவை அல்ல. என்னை நம்பித் தம் இலக்கத்தைத் தந்தோருடையவை அவை. "மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை" என்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாணவர்களே, இன்றிரவு வீட்டாருடன் அமர்ந்து, தொலைபேசியின் அமைப்புகளிலே எந்தச் செயலிக்கு எதைப் பார்க்க அனுமதி உண்டெனப் பாருங்கள். தொழிலுக்கு வேண்டாததைக் கேட்பதற்கு மறுத்துவிடுங்கள். மறுத்தபின் இயங்க மறுக்கும் செயலி நமக்கு எதற்கு?

சென்ற மாதம் அந்த அக்கா புதிய தொலைபேசியொன்றுடன் வந்தார். ஏதோவொரு செயலி மீண்டும் அதே வினாவைக் கேட்டது. இம்முறை நான் அதனை உரக்க வாசித்தேன்.

"வேண்டாம் எண்டு அமத்தும் தம்பி" என்றார் அவர்.

அமர்த்தினேன்.