அனுமதி கேட்டு வரும் படகு

பெலீஸின் டங்ரிகாவில் நவம்பர் 18ஆம் தேதி இரவு யாரும் தூங்குவதாகத் தெரியவில்லை. தெருமுனைக்குத் தெருமுனை மேளம். விடிய ஒரு மணி நேரம் இருக்கையில் மேளக்காரர்கள் எழுந்து ஆற்றுப்பக்கம் நடந்தார்கள். பின்னாலேயே ஊரும் நடந்தது.

ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு வரும் ஆறு கரீபியன் கடலில் சேரும் இடம். பாலத்துக் கைப்பிடிமேல் பையன்கள் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள். கட்டம்போட்ட நீளப் பாவாடையும் தலைக்கட்டுமாகப் பெண்கள் கரையோரம் நெருக்கியடித்து நிற்கிறார்கள். கையில் தென்னோலை, வாழையிலை. நடுவே கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைபோட்ட கொடிகள். கண்ணில் படாத ஏதோ பூச்சி கணுக்காலைக் கடித்துப் பிடுங்குகிறது. உள்ளூர்க்காரர்கள் அதைச் சட்டைசெய்யவில்லை. நான் கவிழ்த்துப்போட்ட மீன்பெட்டி ஒன்றின்மேல் ஏறி, யாருக்கும் இடைஞ்சலில்லாமல் நின்றுகொண்டேன்.

இன்று பெலீஸ் நாட்டுக்கே அரசு விடுமுறை. 1832இல் இதே நாளில் ஹோண்டுராஸ் பக்கமிருந்து அலேஹோ பெனி என்பவர் தலைமையில் தங்கள் முன்னோர் வள்ளங்களில் வந்து சேர்ந்ததாகக் கரிஃபுனா மக்கள் கொண்டாடுகிறார்கள். அந்த வருகையை ஆண்டுதோறும் விடியற்காலையில் நடித்துக் காட்டுகிறார்கள்.

வெளுப்புத் தட்டும்போது முதல் வள்ளம் தெரிந்தது. ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. அதற்குப் பின்னால் வந்தவை ஃபைபர் படகுகள், எஞ்சின் ஓட ஓட. கரையிலிருந்த ஒரு மூதாட்டிக்கு அது பொறுக்கவில்லை. கைத்தடியை நீட்டி அதட்டினார். எஞ்சின்கள் அடங்கின. அடங்கியதும் ஒரு படகு அலைக்குப் பக்கம் காட்டித் திரும்பிக்கொண்டது. அதிலிருந்த இளைஞர்கள் துடுப்பைத் தேடித் தடுமாற, கரை முழுக்கச் சிரிப்பு.

படகுகளில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். மரவள்ளிக் குச்சிக் கட்டுகள், வாழைக்கன்று, கரும்பு, தேங்காய், ஒரு மர உரல், காலைக் கட்டிப்போட்ட சேவல், இரண்டு மேளம். ஆயுதம் என்று எதுவுமில்லை. முன்வள்ளத்தின் அணியத்தில் நின்ற முதியவர் கையை உயர்த்திக் கரையைப் பார்த்து ஏதோ கேட்கிறார். பதில் இல்லை. மறுபடி கேட்கிறார். கரையில் அதிகாரி வேடம் போட்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கடைசியில் அவர் தலையசைத்ததும்தான் மேளம் வெடித்தது. பெண்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகுகளை இழுத்தார்கள்.

வென்ற நாளைக் கொண்டாடும் மக்கள் உண்டு. விடுதலை பெற்ற நாளைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு. தண்ணீரில் நின்றபடி, ‘இறங்கலாமா?’ என்று கேட்ட நாளைத் திருநாளாக்கிக்கொண்டவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கேட்டது யாரிடம் என்பதில்தான் முள் இருக்கிறது. 1832இல் பெலீஸ் ஆங்கிலேயரின் மரவெட்டிக் குடியிருப்பு. அடிமைகளை வைத்துக் காட்டில் மஹோகனி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அடிமை ஒழிப்புச் சட்டம் நடப்புக்கு வர இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி. அந்த நேரத்தில் யாருக்கும் கைகட்டி நிற்காத கறுப்பு மனிதர்கள் சொந்தப் படகில் குடும்பத்தோடு வந்து நின்றால் எஜமானர்களுக்கு வயிற்றைக் கலக்காதா? அதற்கு முன்பே சிறு கூட்டங்களாக வந்துபோனவர்களுக்கு, அனுமதிச்சீட்டு இல்லாமல் ஊரில் தங்கக்கூடாது என்று விதி போட்டிருந்தார்கள். ஆனால் மரம் வெட்ட ஆள் வேண்டும், சாப்பிட மீனும் கிழங்கும் வேண்டும். தெற்கே தள்ளிக் கடற்கரையோரம் இருந்துகொள்ளட்டும் என்று விட்டார்கள். விட்டது பிரிட்டிஷ் கொடி. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதே மக்களைக் கப்பலேற்றித் துரத்தியதும் அதே கொடிதான்.

துரத்தப்பட்டது செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து. இவர்கள் வாயில் அது யுருமெய்ன். 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் உடைந்துபோன அடிமைக் கப்பல்களிலிருந்து தப்பிக் கரையேறிய ஆப்பிரிக்கர்களும், பக்கத்துத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து ஓடிவந்தவர்களும், அங்கே முன்பே வாழ்ந்த கரீப், அரவாக் குடிகளோடு கலந்தார்கள். முகம் ஆப்பிரிக்காவுடையது. பேச்சும் மரவள்ளி விவசாயமும் தீவுடையவை. இப்படி ஒரு புது மக்கள் உருவானார்கள். ஆங்கிலேயர் இவர்களைக் ‘கறுப்புக் கரீப்’ என்று ஏட்டில் எழுதினார்கள்.

1763இல் பாரிஸ் உடன்படிக்கையில் தீவு பிரிட்டனுக்குப் போனது. தீவில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கரும்புக்கு வாய்த்த நல்ல நிலம் கிழக்குக் கரையில் இவர்கள் வசம் இருந்தது. அதை அளக்க வந்தவர்களோடு தொடங்கிய சண்டை 1773இல் ஓர் உடன்படிக்கையில் வந்து நின்றது. ஒரு பேரரசு தன் காட்டுக்குள் இருந்த எதிரியோடு சமமாக உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. அந்தக் காலத்துக்கு அது சின்ன விஷயமில்லை. 1795இல் பிரெஞ்சுக்காரர் துணையோடு மீண்டும் போர். மார்ச் 14 அன்று தலைவர் ஜோசப் ஷாட்டோயே டார்செட்ஷயர் குன்றில் கொல்லப்பட்டார். (2002இல் செயின்ட் வின்சென்ட் அரசு அவரைத் தன் முதல் தேசிய வீரராக அறிவித்தது. அந்த அரசின் குடிகளில் இன்று கரிஃபுனா மொழி பேசுவோர் கிட்டத்தட்ட இல்லை.)

தலைவர் போன பிறகும் ஓராண்டுக்கு மேல் சண்டை நடந்தது. ஆங்கிலேயப் படை குடிசைகளையும் வள்ளங்களையும் விளைந்த மரவள்ளியையும் எரித்துப் பட்டினி போட்டுத்தான் பணியவைத்தது. பிடிபட்ட 4,000க்கும் மேற்பட்டவர்களைப் பலிசோ என்ற குட்டித் தீவில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அங்கே ஆறு இல்லை, ஊற்று இல்லை. சில மாதங்களுக்குள் காய்ச்சலிலும் பசியிலும் ஏறக்குறைய பாதிப் பேர் போய்விட்டார்கள். நடுவில் நிறம் பார்த்துப் பிரிக்கும் வேலையும் நடந்தது. தோல் வெளுப்பாக இருந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கறுப்பாக இருந்தவர்களை 1797 மார்ச்சில் கப்பலேற்றினார்கள். ஏப்ரல் 12இல் ஹோண்டுராஸுக்கு எதிரே ரோவத்தான் தீவில் இறக்கிவிடப்பட்டவர்கள் 2,000 பேருக்குச் சற்று மேல். அங்கிருந்து எதிர்க்கரையில் ஸ்பானியரின் த்ருஹியோ, பிறகு குவாத்தமாலா, நிகரகுவா, பெலீஸ் கரைகள். இந்தக் கரைகளில் இன்று பெருகி நிற்பவர்கள் அந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேரின் வழிவந்தவர்கள். 1832இல் டங்ரிகாவுக்கு வந்தவர்கள் ஹோண்டுராஸ் உள்நாட்டுக் கலகத்தில் தோற்ற பக்கம் நின்றவர்கள். ஆகவே அங்கிருந்தும் ஓட வேண்டியதாயிற்று.

கரையேறிய கூட்டம் மேளத்தோடு கத்தோலிக்கக் கோயிலுக்குள் நுழைந்தது. பூசைக்கு நடுவில் மேளம் அதிரும்போது பாதிரியாரின் காலும் தாளம் போடுகிறது. வழியில் தாமஸ் வின்சென்ட் ராமோஸ் சிலைக்கு மாலை. ஆசிரியராகவும் போதகராகவும் இருந்தவர். ஆங்கிலேய ஆளுநரிடம் கேட்டு 1941இல் இந்த நாளை முதன்முதலில் கொண்டாட வைத்தவர் அவர்தான். நாடு முழுவதற்கும் விடுமுறையானது 1977இல்.

ஊர்வலத்தைவிட ஒரு வீட்டின் பின்முற்றம் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது. அங்கே நான்கு பெண்கள் மரவள்ளி அப்பம் சுடுகிறார்கள். எரெபா என்கிறார்கள். இது நம் சந்தையில் வாங்கி அவித்துத் தின்னும் ரகமல்ல. கசப்பு ரகம், அப்படியே தின்றால் ஆளைக் கொல்லும் நஞ்சு உள்ளது. தோல் சீவித் துருவ வேண்டும். பழைய துருவுபலகை சுவரில் சாய்ந்திருக்கிறது. மஹோகனிப் பலகையில் கூழாங்கல் சில்லுகளை வரிசை வரிசையாக அடித்து இறக்கியிருக்கிறார்கள். இப்போது துருவுவதற்கு மோட்டார் வந்துவிட்டது. அதற்கு அடுத்த வேலைக்கு வரவில்லை.

ஆள் உயரத்துக்கு மேல் நீளமான, பிரம்பால் பின்னிய குழல் ஒன்றை உத்தரத்திலிருந்து தொங்கவிடுகிறார்கள். ருகுமா. துருவிய ஈர மாவை அதற்குள் அடைத்து, கீழ்முனையில் கம்பு செருகி, கம்பின்மேல் ஒரு பெண் உட்கார்ந்துகொள்கிறாள். கனத்தில் குழல் நீளும், நீள நீள இறுகும், பாம்பு இரையை இறுக்குகிற மாதிரி. நஞ்சுச்சாறு சொட்டுச் சொட்டாகச் சட்டியில் விழுகிறது. உட்கார்ந்திருப்பவள் பேச்சுக்கு நடுவே மெல்ல ஆடிக்கொடுக்கிறாள். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. சாற்றின் அடியில் படியும் மாவும் வீணாவதில்லை, அது துணிக்குக் கஞ்சியாகும். பிழிந்த சக்கையை ஓர் இரவு உலரவைத்து, மறுநாள் பிரம்புச் சல்லடையில் சலித்து, வண்டிச்சக்கரம் அகலத்துக்கு இரும்புக்கல்லில் பரப்பிச் சுடுகிறார்கள். எண்ணெய் இல்லை, உப்புகூட இல்லை. விளிம்பு கருகாமல் திருப்பிப்போடும் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மாதக்கணக்கில் கெடாது. கடலுக்குப் போகிறவனுக்கும் ஊரைவிட்டுத் துரத்தப்படுகிறவனுக்கும் ஏற்ற சாப்பாடு.

நாடுகடத்தப்பட்டபோது பெண்கள் மரவள்ளிக் குச்சியைத் துணிக்குள் ஒளித்து எடுத்துவந்தார்கள், அவர்கள் வியர்வைதான் அதைச் சாகாமல் காத்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைக்காரர் இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கலாம். விவசாயி ஒதுக்கமாட்டார். வெட்டிவைத்த மரவள்ளிக் குச்சி நிழலில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

பிற்பகலில் தெரு முழுக்க ஆட்டம். புந்தா ஆட்டத்தில் இடுப்புக்குக் கீழே மட்டும் உடல் அசைகிறது, தோள் அசையாமல் நிற்கிறது. இறந்தவருக்காக விழித்திருக்கும் இரவுகளில் ஆடி வந்த ஆட்டம் இது. இப்போது கிட்டார் சேர்ந்து கடைத்தெரு ஒலிபெருக்கிவரை வந்துவிட்டது. மேளம் இரண்டு வகை. பெரியது தாளத்தைப் பிடித்துவைக்கும், சின்னது அதன்மேல் விளையாடும். ஒரு முனையில் சிறுவர்கள் வனராகுவா ஆடிக் காட்டுகிறார்கள். கிறிஸ்துமஸ் நாட்களில் ஆடுவது. வெள்ளை வெளேரென்று பூசிய கம்பிவலை முகமூடி, அதில் மெல்லிய மீசை, தலையில் இறகு, முழங்காலில் சலசலக்கும் சோழிகள். வெள்ளைக்கார எஜமானை நையாண்டி செய்யும் வேடம். இதில் ஆடுகிறவன் மேளத்தைப் பின்பற்றுவதில்லை. மேளக்காரன்தான் ஆடுகிறவனின் காலைக் கண்கொட்டாமல் பார்த்து அடிக்க வேண்டும். எஜமான் வேடம் போட்டவன் நினைத்த இடத்தில் நிற்கிறான், நினைத்தபோது குதிக்கிறான், மேளம் பதறிக்கொண்டு பின்னால் ஓடுகிறது. இதைவிடக் கூர்மையான அரசியல் கேலிச்சித்திரத்தை நான் பார்த்த நினைவில்லை.

2001இல் யுனெஸ்கோ கரிஃபுனா மொழி, ஆட்டம், இசை மூன்றையும் மனிதகுலத்தின் அருஞ்செல்வமாக அறிவித்தது. ஆட்டமும் இசையும் நன்றாகத்தான் இருக்கின்றன. மொழிக்குத்தான் மூச்சு வாங்குகிறது. தெருவில் பிள்ளைகள் வாயில் வருவது பெலீஸின் க்ரியோல். பாடகர் ஆண்டி பலாசியோ இளைஞராக நிகரகுவாவின் எழுத்தறிவு இயக்கத்தில் வேலைசெய்யப் போனார். அங்கே ஒரு முதியவரிடம் கரிஃபுனா மொழியில் பேசியிருக்கிறார். இந்த வயதுப் பையன் ஒருவன் தன் மொழியைப் பேசுவான் என்று அந்த முதியவரால் முதலில் நம்பவே முடியவில்லையாம். அங்கே மொழிக்கு நடந்தது நாளை தன் ஊரிலும் நடக்கும் என்று பலாசியோ பயந்தார். பயத்திலிருந்து பிறந்தவைதான் அவர் பாடல்கள். 2007இல் வந்த ‘வாட்டினா’ இசைத்தொகுப்பு உலகமெங்கும் போனது. அடுத்த ஜனவரியில் 47 வயதில் இறந்துபோனார்.

இப்போது வள்ளங்கள் போகும் திசை நியூயார்க். பிராங்க்ஸ் பகுதியில் கரிஃபுனா குடும்பங்கள் ஏராளம். இன்று இங்கே புதுச்சட்டையோடு திரிகிறவர்களில் பாதிப்பேர் அங்கிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள்.

மாலையில் ஒரு வீட்டுத் திண்ணையோரம் பதினைந்து வயதிருக்கும் பெண் ஒருத்தி மர உரலில் வாழைக்காய் இடித்துக்கொண்டிருந்தாள். ஹுதுத்துக்கு. பச்சைக்காயையும் பழுத்ததையும் அவித்துச் சேர்த்து இடித்து, தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீன்குழம்போடு சாப்பிடுவது. அவள் எதிரே ஒரு போன் செங்கல்மேல் சாய்த்துவைக்கப்பட்டிருக்கிறது. திரையில் கம்பளித் தொப்பி போட்ட கிழவி ஒருத்தி. பிராங்க்ஸில் குளிர் போலிருக்கிறது. கிழவி கரிஃபுனா மொழியில் அதட்டுகிறாள், பெண் க்ரியோலில் பதில் சொல்கிறாள். இரண்டு பேருக்கும் நன்றாகவே புரிகிறது. உலக்கையைத் தண்ணீரில் நனை என்று பாட்டி சொல்லியிருக்க வேண்டும், பெண் நனைத்தாள். போனைத் தூக்கி உரலுக்குள் காட்டச் சொன்னாள், காட்டினாள். பாட்டி ஒரு நீண்ட உரை ஆற்றினாள். “இன்னும் கட்டி இருக்காம்,” என்று பெண் அலுத்துக்கொண்டு திண்ணையிலிருந்த தம்பியிடம் சொன்னாள். “நீ வந்து கொஞ்சம் இடி.” தம்பி போனின் பார்வைக்கு எட்டாத பக்கமாக நழுவப் பார்த்தான். பாட்டி அவனையும் பெயர் சொல்லி அழைத்துவிட்டாள்.