பெயர்ச்சீட்டு இல்லாத கல்

விலைபோகாத பொருள்களைச் சேர்த்து வைப்போரை உலகம் சற்று ஏளனமாகவே நோக்கும். எங்கள் இல்லத்து அலமாரியின் மேல்தட்டில் உள்ளவையும் அத்தகையவையே: சிப்பிகள், கற்கள், பாம்புச் சட்டை ஒன்று, கைவிடப்பட்ட தூக்கணாங்குருவிக் கூடு ஒன்று. விற்கப் புகுந்தால் ஒருவேளை உணவுக்கும் காணாது. ஆயினும் பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு இதனினும் நல்ல பாடநூல் இல்லை என்பது எங்கள் அனுபவம்.

கணவாய் ஓட்டையே எடுத்துக்கொள்வோம். கடற்கரையில் வெண்ணிறச் சிறு படகுபோல் ஒதுங்கிக் கிடக்கும் இதனைக் கிளி வளர்ப்போர் கூண்டில் தொங்கவிடுவர். ஓடு எனப் பெயர் பெற்றிருப்பினும், இது கணவாயின் உடலுக்குள்ளே இருப்பது. நுண்ணிய அறைகள் நிறைந்தது. அவ்வறைகளிலுள்ள நீரின் அளவைக் கூட்டியும் குறைத்தும் அவ்வுயிர் கடலில் தாழ்கிறது, உயர்கிறது.

அதனருகே தூத்துக்குடிச் சங்கு ஒன்றுண்டு, சாதாரண இடம்புரிதான். வலம்புரி மிக அரிது. வலம்புரி என்று விற்கப்படுபவற்றுள் பல, அமெரிக்கக் கடலில் இயல்பாகவே அவ்வாறு சுழலும் வேறோர் இனத்தின் ஓடுகளாம். வாயினுள் விரலிட்டு நடுத்தண்டைத் தடவினால் உண்மை புலப்படும்: நம் சங்கில் மடிப்புகள் இருக்கும், அதில் இரா.

அரியலூர்ப் பக்கத்துச் சுருள் கல் ஒன்றும் உள்ளது. அம்மோனைட்டு என்னும் கடலுயிரின் ஓடு கல்லாக மாறியது அது. ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் அலைபாய்ந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இத்தகைய கல்லொன்றே ஒரு பேரறிஞரைச் சிந்திக்க வைத்தது. மால்ட்டா தீவில் கிடைத்த நாக்கு வடிவக் கற்களை, புனித பவுலால் கல்லாக்கப்பட்ட பாம்புகளின் நாக்குகள் என மக்கள் கருதினர். 1666-ஆம் ஆண்டு இத்தாலியக் கடலோரத்தில் பிடிபட்ட பெருஞ்சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்த டென்மார்க்கு நாட்டு நிக்கோலாஸ் ஸ்டெனோ, அதன் பற்களும் அக்கற்களும் ஒரே வடிவாய் இருக்கக் கண்டார். நிலம் அடுக்கடுக்காய்ப் படிந்து உருவான வரலாற்றை 1669-இல் நூலாக வெளியிட்டார். பின்னர் ஆயரான அவர், 1988-இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

எங்கள் சேகரிப்புக்குச் சில நியதிகள் உண்டு. உயிருள்ளதை எடுப்பதில்லை. திருவக்கரைக் கல்மரங்கள் அங்கேயே இருக்க வேண்டியவை. பவளப்பாறைகள் 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. ஆகவே அவற்றையும் தொடுவதில்லை. மேலும் ஒவ்வொரு பொருளுக்கும் கிடைத்த இடமும் நாளும் எழுதிய சீட்டு வேண்டும். சீட்டில்லாத பொருள் ஊமை.

அத்தகைய ஊமைக் கல் ஒன்றும் எங்களிடம் உள்ளது. கருநிறம், நடுவே வெள்ளைக் கோடு, கோழிமுட்டை அளவு. எங்கள் தந்தையாரின் மேசைமேல் பல்லாண்டு இருந்தது. பக்கவாதம் அவர் பேச்சைப் பறித்துக்கொண்ட இறுதி மாதங்களில் அதை உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். ஒரு மாலை அதைப் பேரனிடம் கொடுத்து ஏதோ சொல்ல முயன்றார். உதடுகள் அசைந்தன, சொல் வரவில்லை. ஆற்றங்கரையோ, மலையடிவாரமோ, இளமையில் யாரேனும் தந்ததோ, அவருடனேயே அது மறைந்துபோயிற்று.

பேரன் பின்னாளில் அதற்கும் ஒரு சீட்டு எழுதினான். இடம், நாள் என்னும் வரிகளை வெறுமையாக விட்டு, கீழே, "தாத்தா என் கையில் வைத்தது" என்று எழுதியிருந்தான். அதைத் திருத்த எவருக்கும் மனம் வரவில்லை.

உங்கள் இல்லத்துப் பெரியவர்களின் பெட்டியிலும் இப்படி ஏதேனும் இருக்கக்கூடும். அவர்கள் பேசும்போதே அருகமர்ந்து கேளுங்கள். கேட்டதை ஒரு துண்டுத்தாளில் எழுதி அதனோடு கட்டி வையுங்கள்.