குவீன் தெருவின் ஒற்றைப் படி

அன்புள்ள நண்பனுக்கு,

டொராண்டோவில் குளிர் விட்டுவிட்டது, நடந்தே சுற்றுகிறேன். குவீன் தெருவின் மேற்குப் பகுதி முழுக்கப் பழைய செங்கல் கட்டடங்கள். கீழே கடை, மேலே வீடு. பல கடைகளுக்கு ஒரே ஒரு படிதான். நாமெல்லாம் அதைக் கவனிக்கக்கூட மாட்டோம். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அந்த அரையடியே பூட்டிய கதவு.

சில வாசல்களில் அந்தப் படியை ஒட்டி, கண்ணைப் பறிக்கிற நிறத்தில் ஒரு மரச் சாய்தளம் கிடக்கிறது. 'ஸ்டாப்கேப்' என்ற அமைப்பின் வேலை. தொடங்கியவர் லூக் ஆண்டர்சன், பொறியாளர். 2002-இல் மலைச் சைக்கிள் ஓட்டும்போது விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். 2011-இல் இதை ஆரம்பித்தார். பலகை நன்கொடை, அறுப்பதும் பெயிண்ட் அடிப்பதும் தன்னார்வலர்கள்.

ஒன்றைக் குனிந்து பார்த்தேன். சாதாரண ப்ளைவுட், சக்கரம் வழுக்காமலிருக்க மேலே சொரசொரப்பு, இழுக்க ஒரு கயிறு. நடைபாதை மாநகராட்சியுடையது என்பதால் நிரந்தரமாகப் பதிக்க முடியாது. ஆள் வந்தால் கடைக்காரர் எடுத்துப் போடுவார், போனதும் உள்ளே இழுத்துக்கொள்வார்.

குறை இல்லாமல் இல்லை. ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது கணக்கு. ஆறங்குலப் படிக்கு ஆறடி நீட்டினால் நடைபாதையில் மற்றவர்கள் எப்படிப் போவார்கள்? அதனால் பலகை குட்டையாக, சரிவு செங்குத்தாக இருக்கிறது. பலருக்குப் பின்னாலிருந்து தள்ள ஆள் வேண்டும். கூப்பிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பளிச் நிறம் வேண்டுமென்றே அடித்தது. போகிறவன் வருகிறவனெல்லாம் 'இது என்ன?' என்று கேட்க வேண்டும், அதுதான் நோக்கம். என் கணக்கில் பலகையைவிட அந்தப் பெயிண்டுக்குத்தான் வேலை அதிகம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணம் 2005-இல் சட்டம் போட்டு, 2025-க்குள் மாற்றுத்திறனாளிகளுக்கான எல்லாத் தடைகளையும் நீக்குவதாகச் சொன்னது. கெடு முடிந்துவிட்டது. படிகள் இருக்கின்றன.

உன் புதுக் கடைக்கு இன்னும் வாசல் கட்டவில்லை என்றாயே. பைக் ஏற்றுவதற்கென்றால் நம்மூரில் யாரும் சொல்லாமலே சிமெண்டுச் சரிவு போட்டுவிடுவோம், அதுவும் ஏணி மாதிரி! அப்படி வேண்டாம். முடிந்தால் படியே இல்லாமல் தரைமட்டமாக வை. முடியாதென்றால் உன் எல்லைக்குள்ளேயே அங்குலத்துக்கு ஓரடி கணக்கில் சரிவு கட்டச் சொல். மேலே கதவைத் திறக்கச் சக்கர நாற்காலி நிற்கும் அளவுக்குச் சமதளமும், பக்கத்தில் கைப்பிடிக் கம்பியும் வேண்டும். கொத்தனார் முணுமுணுப்பார், விடாதே.

அன்புடன்,
உன் நண்பன்