தொழுகை வரிசையும் தெருவும்

இனவெறி என்றதும் நம் எண்ணம் கடல் கடந்து போய்விடுகிறது. அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கறுப்பின மக்கள் பட்ட துயரை எண்ணி வருந்துகிறோம். பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் அதே நோய் நம் வாசலுக்கருகில் சாதி என்னும் பெயரில் குடியிருக்கிறது.

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரமே. 1997ஆம் ஆண்டில் அச்சிறு தூரத்தைக் கடக்கவும் மக்கள் அஞ்சினர். விருதுநகர் அரசுப் போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அவர் கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளையரை எதிர்த்தவர். ஆயினும் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதால், அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றனர் சிலர். கலவரம் மூண்டது; உயிர்கள் பறிபோயின. அவ்வாண்டு ஜூலையில் போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கிவிட்டது. பெயர் போயிற்று; நோய் போகவில்லை.

அக்காலத்தில் நம்மவர் பலர் வாயில் நான் கேட்ட சொல், "அது அவர்கள் சண்டை, நமக்கென்ன?" என்பதே. ஐவேளையும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம், நம்மிடம் சாதியில்லை என்ற மனநிறைவு அது. அந்நிறைவு சரிதானா?

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயின் பிறப்பைச் சொல்லி இழித்துரைத்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை அறியாமைக் காலத்தின் எச்சம் என்று கண்டித்தார்கள். ஈமானில் உயர்ந்த தோழருக்கே அந்த எச்சரிக்கை என்றால், முடிதிருத்தும் குடும்பத்தில் பெண் எடுக்கத் தயங்கும் நாம் எம்மாத்திரம்! முதலில் நம் வீட்டைக் கூட்ட வேண்டும்; பிறகு தெருவுக்கு வரவேண்டும்.

தெருவில் நாம் தனித்து நிற்கப் போவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தோன்றிய பெரியாழ்வார், பழைய குலப் பெருமையை விட்டு வருமாறு தம் திருப்பல்லாண்டில் அடியவரை அழைக்கிறார். யூதர், கிரேக்கர் என்ற பேதமில்லை என்று கலாத்தியருக்கு எழுதினார் பவுல் அடிகள். வேதங்கள் வேறு, எனினும் பிறப்பால் உயர்வில்லை என்பதில் இக்குரல்கள் ஒன்றுபடுகின்றன.

இது நடக்கக்கூடியதே. கேப்டவுன் நகரில் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் அவர்கள், இலண்டன் பாதிரியார் காலின்ஸ் நடத்திய நிதியிலிருந்து பணம் பெற்று, நிறவெறி அரசு சிறையிட்டவர்களின் குடும்பங்களைக் காத்தார். 1969 மே 28, மீலாது நாளன்று கைதானார். 123 நாள் காவலுக்குப் பின் செப்டம்பர் 27இல் மாண்டார். காவலர் சித்திரவதையே காரணம் என்று 2023இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த இமாம் "நமக்கென்ன" என்று இருந்துவிடவில்லை.

நம் ஊர்களில் செய்ய வேண்டியது என்ன? கலவரத்திற்குப் பின் அதிகாரிகள் முன்னிலையில் கூடுவது அமைதிக்குழுவின் வழக்கம். மஹல்லா ஜமாஅத்தாரும் கோவில் பெரியவர்களும் பங்குத் தந்தையும் கலவரத்திற்கு முன்பே மாதந்தோறும் கூடட்டும். ஒரே வாரத்தில் ஜுமுஆ பிரசங்கமும் ஞாயிறு மறையுரையும் மார்கழிச் சொற்பொழிவும் இப்பொருளையே பேசட்டும். தேநீர்க் கடையில் ஒருவருக்குத் தனிக் குவளை நீட்டப்பட்டால், மூவரும் சேர்ந்து போய்க் கேட்கட்டும். ஒருவர் கேட்டால் பகை என்பார்கள். மூவர் கேட்டால் நியாயம் என்பார்கள்.

பிள்ளைகளையும் மறந்துவிடலாகாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடைசெய்ய 2024இல் பரிந்துரைத்தது. சட்டம் மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்க்கலாம். மனத்தின் முடிச்சைப் பெற்றோரும் ஆசிரியரும்தாம் அவிழ்க்க வேண்டும்.

பள்ளிவாசலில் நாம் கற்ற வரிசை ஒழுங்கு தெருவிலும் விளங்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.