சங்கு ஊதாத மதியம்

"சாப்பிட எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. என்ன சாப்பிடுகிறேன், எவ்வளவு சாப்பிடுகிறேன் என்ற கேள்விகளுக்குத்தான் தயாராகப் போயிருந்தேன். எடை 89 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தது. அன்றிரவு மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள்: ஏழு நிமிடம். அப்போது அவள் குழம்புச் சோற்றில் பாதியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

அந்த ஏழு நிமிடத்தை எனக்கு முன்பே தெரியும். அது அப்பாவுடையது.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. மதியச் சங்கு ஊதியதும் சைக்கிளில் உப்பளத்துக்கு வருவார். சாப்பாட்டு இடைவேளை அரைமணி. வருவதற்குப் பத்து நிமிடம், திரும்பிப் போவதற்குப் பத்து நிமிடம். கை கால் கழுவியது போக மிஞ்சுவது ஏழு. அம்மா சோற்றைத் தட்டில் பரப்பி, விசிறியால் ஆற்றி வைத்திருப்பாள். சூடு என்பது எங்கள் வீட்டில் ருசி அல்ல, தாமதம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்பா அப்படித்தான் சாப்பிட்டார். ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான். அவருடைய தட்டைப் பார்த்து வளர்ந்த நாங்களும் அந்த வேகத்தையே சாப்பாடு என்று கற்றுக்கொண்டோம்.

அந்த அரைமணியும் சும்மா வந்ததல்ல. 1936 ஜூலை 30 அன்று புதுவையில் சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். மறு ஆண்டு பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. பின்னாளில் இங்கும் நடைமுறைக்கு வந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் குறைந்தது அரைமணி ஓய்வு தர வேண்டும் என்றது. அந்த அரைமணிக்குள் சைக்கிள் மிதிக்கும் நேரமும் அடங்கிவிடும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். முதலில் சூப், பிறகு ரொட்டியும் கறியும், கடைசியில் கத்தியால் நறுக்கிய ஒரு பழம் என்று அவருடைய மதிய உணவு ஒரு மணி நேரம் நடக்கும். ஒருநாள் அவர் வீட்டில் நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உன்னை யார் துரத்துகிறார்கள் தம்பி?" அப்போது சிரித்துவிட்டு ஓடிவிட்டேன். அவருக்குக் கிடைத்த ஒரு மணி நேரம் என் அப்பாவுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கத் தோன்றும் வயது அல்ல அது.

மருத்துவர் விளக்கியது எளிமையானது. வயிறு விரிவதை நரம்புகள் மூளைக்குச் சொல்கின்றன. உணவு குடலை எட்டியதும் அங்கே சுரக்கும் சில ஹார்மோன்கள் போதும் என்று சொல்கின்றன. இந்தச் செய்தி முழுமையாகப் போய்ச் சேர ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகிறது. ஏழு நிமிடத்தில் சாப்பிட்டு எழுபவன், செய்தி வருவதற்குள் மறுசோறும் போட்டுக்கொண்டு முடித்துவிடுகிறான். 2010இல் வெளியான ஏதென்ஸ் ஆய்வொன்றில் 17 ஆண்களுக்கு ஒரே அளவு ஐஸ்கிரீமை ஒருநாள் ஐந்து நிமிடத்திலும் இன்னொரு நாள் முப்பது நிமிடத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். மெதுவாக உண்ட நாளில் பிஒய்ஒய், ஜிஎல்பி-1 என்ற இரு ஹார்மோன்களும் கூடுதலாகச் சுரந்திருந்தன. இன்று எடை குறைக்கப் பெரும் விலை கொடுத்துப் போட்டுக்கொள்ளும் செமாகுளுடைட் ஊசி, இந்த ஜிஎல்பி-1 செய்வதைத்தான் பன்மடங்கு வலுவாக, நீண்ட நேரம் செய்கிறது.

நமக்கு இது புதிதும் அல்ல. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் ஆறு குறள்கள் உணவைப் பற்றியே பேசுகின்றன. பக்கத்திலிருக்கும் வடலூரில் பசித்தவர்களுக்காகத் தருமசாலை தொடங்கிய வள்ளலார், உண்ணும்போது மிகுந்த அவசரமும் ஆகாது, மிகுந்த சோம்பலும் ஆகாது என்று எழுதிவைத்திருக்கிறார். பசியின் கொடுமையை அவ்வளவு அறிந்தவர், உண்ணும் வேகத்தைப் பற்றியும் யோசித்திருக்கிறார்.

ஆனால் அறிந்துகொள்வது வேறு, கை கேட்பது வேறு. கரண்டியைக் கீழே வையுங்கள் என்ற அறிவுரை, கையால் பிசைந்து உண்பவனுக்கு உதவாது. வாயில் ஒரு கவளம் இருக்கும்போதே விரல்கள் அடுத்ததை உருட்டி முடித்துவிடுகின்றன. குழையப் பிசைந்த ரசஞ்சோற்றில் மெல்லுவதற்கும் ஒன்றுமில்லை. ஆகவே இரண்டு விதிகள் வைத்துக்கொண்டேன். விழுங்கி முடியும்வரை விரல்கள் தட்டைத் தொடக்கூடாது. ஒவ்வொரு கவளத்தோடும் மெல்ல வேண்டிய காய் ஒன்று இருக்க வேண்டும். முதல் வாரம் அது சாப்பாடாகவே இல்லை, தண்டனையாக இருந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் காரணமில்லாத ஒரு பதற்றம் வரும், எங்கோ எதற்கோ பிந்திவிட்டதைப் போல. அது என் பதற்றம் அல்ல என்று புரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின.

பதினோரு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. காலையில் உப்பளம் விளையாட்டரங்கத்தின் பக்கம் நடப்பதற்கும் அதில் பங்குண்டு. மறுசோறு தானாக நின்றுபோனதற்கும் உண்டு. அப்பா கடைசி ஆண்டுகளில் சர்க்கரையால் ஒரு பாதத்தை இழந்தார். வேகமாகச் சாப்பிட்டதுதான் காரணம் என்று சொல்லத் துணியமாட்டேன். ஆனால் அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

போன மாதம் அவருடைய திதி. படையல் போட்டு, கற்பூரம் காட்டி, அவர் வந்து உண்ணட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தோம். சற்று நேரத்தில் வழக்கம்போல அம்மா கதவைத் திறக்க எழுந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் அம்மா" என்றேன். "மெதுவாகச் சாப்பிடட்டும்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.